சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. உடம்பைப் பேணாமல் இரவு பகல் பாராது அலைகிறவனிடம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவது அது. உடம்பு சுவர், வாழ்க்கை சித்திரம். சுவர் இடிந்துவிட்டால் சித்திரத்தை எங்கே எழுதுவாய் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்தப் பழமொழியை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் வேறொரு கேள்வி எழுகிறது. சித்திரம் எழுதச் சுவர் வேண்டுமென்றால், சுவரே இல்லாதவன் என்ன செய்வான்? தனக்கென்று ஒரு முழச் சுவர்கூட இல்லாமல், பிறர் கட்டிய சுவர்களுக்கு நடுவில் வாடகைக்குக் குடியிருந்து, அவற்றின்மேல் பிறர் எழுதிவைத்ததையே பார்த்துப் பார்த்து வயதாகி, ஒருநாள் கண்ணை மூடுகிறவன் இருக்கிறானே, அவன் முகத்தை எந்தச் சுவரில் எழுதுவது?

சுவர்கள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. பழகிப் போய்விட்டதால் நம் காதில் விழுவதில்லை. கோயில் சுவரில் தெய்வங்களும் அவற்றுக்கு மானியம் விட்ட மன்னர்களும் இருக்கிறார்கள். கடைவீதிச் சுவரில் சவுக்காரமும் பற்பசையும் இருக்கின்றன. தேர்தல் வந்தால் தலைவர்கள் வந்து நிற்கிறார்கள். சுவரில் இடம் பெறுவதற்குத் தெய்வமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளுகிறவனாக இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் இடத்துக்கு விலை கொடுக்கக் கூடியவனாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாதவன் சுவரின் நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம். அதுவும் யாராவது வந்து விரட்டுகிற வரையில்.

சென்ற நூற்றாண்டின் பின்பாதியில், அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் இப்படிப்பட்ட மக்கள் ஒன்று சேர்ந்து சுவர்களில் எழுதத் தொடங்கினார்கள். ஓவியர்களும் தெருவாசிகளுமாகக் கூடி, என்ன எழுதுவது என்று பேசி, சாரம் கட்டி, வர்ணம் குழைத்து எழுதினார்கள். சமூக நியாயத்துக்கு இது ஒரு வழி என்று அவர்கள் நம்பினார்கள். இன்று நகராட்சிகளும் அறக்கட்டளைகளும் பணம் கொடுத்து நடத்துகிற காரியமாக அது பல நாடுகளில் பரவியிருக்கிறது. இதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கத் தோன்றுகிறது. ஒரு சித்திரத்தால் நியாயம் பிறக்குமா என்பது ஒன்று. பலர் கூடிச் செய்தார்கள் என்பதனாலேயே ஒரு காரியம் நியாயமானதாகிவிடுமா என்பது மற்றொன்று. முதற்கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்கிறவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் பெரிதாகப் படுகிறது.

அதற்குக் காரணம் என் தொழிலாக இருக்கலாம். கதை எழுதுவது கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. என் வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றலாமா என்று பத்திரிகாசிரியர் கேட்டு எழுதினாலே எனக்கு அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை. கல்யாணச் சமையலுக்குப் பத்துப் பேர் வேண்டும். தேர் இழுக்க ஆயிரம் பேர் வேண்டும். ஒரு மனிதனின் முகத்தை உற்றுப் பார்த்து அதைக் காகிதத்தில் கொண்டுவர ஒருவன் போதும், இரண்டாமவன் இடைஞ்சல் என்பது என்னைப் போன்றவர்களின் கட்சி. ஆகையால், கூட்டுப் படைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மெய்சிலிர்த்துப் போகிறவன் நான் அல்ல. இதைத் தெரிந்துகொண்டு வாசகர்கள் மேலே படிக்கலாம்.

சிகாகோ நகரத்தின் தென்பகுதி, கறுப்பின மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்தும் அங்கே நடந்த கொடுமைகளிலிருந்தும் தப்பிப் பிழைப்புத் தேடி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். வந்த ஊரில் சாட்டை இல்லை. ஆனால் எந்தத் தெருவுக்கு அப்பால் அவர்கள் வீடு கேட்கக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1966-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அந்தத் தடையை எதிர்த்து வெள்ளையர் வாழும் பகுதியில் ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் கல் வந்து விழுந்தது அந்த நகரத்தில்தான்.

அடுத்த ஆண்டு, 1967-இல், நாற்பத்து மூன்றாம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கிற முனையில் இருந்த பழைய இரண்டடுக்குக் கட்டடம் ஒன்றின் சுவரில், ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் கூடி வேலை தொடங்கினார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பண்பாட்டுக்காக ஏற்படுத்தப்பட்ட ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கட்டடம் அவர்களுடையதன்று. அந்த வட்டாரத்தோடு பழக்கமுடைய வில்லியம் வாக்கர் என்ற ஓவியர் காட்டிக்கொடுத்த சுவர் அது. தங்கள் இனத்தில் மதிக்கத் தக்கவர்கள் என்று தாங்கள் கருதிய ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் உருவங்களை அதில் எழுதினார்கள். மால்கம் எக்ஸ் இருந்தார். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி இருந்தார். அறிஞர் டு பாய்ஸ், ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன், பாடகி நீனா சிமோன் ஆகியோர் இருந்தார்கள். 'மரியாதைச் சுவர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

யாரை எழுதலாம் என்பதற்கு அவர்கள் விதிகள் வகுத்துக்கொண்டார்கள். கறுப்பின வாழ்க்கையின் அழகை உண்மையாகக் காட்டியவராக இருக்க வேண்டும். தம்மைவிடத் தாழ்ந்த நிலையில் இருக்கும் சகோதரர்களை மறக்காதவராக இருக்க வேண்டும். தம் துறையில் வேறொருவர் அந்த இடத்தை நிரப்ப முடியாது என்னும்படி சிறந்தவராக இருக்க வேண்டும். இந்த மூன்றில் நடு விதியைக் கவனியுங்கள். பெரிய மனிதர் பட்டியல்கள் உலகத்தில் எவ்வளவோ உண்டு. பெரியவரானபின் யாரை மறந்தார் என்று கேட்கிற பட்டியல் அபூர்வம். சுவரில் எந்த ஓவியரும் கையெழுத்திடுவதில்லை என்றும் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்பது சொல்லாமலே விளங்கும்.

வேலை நடந்தபோது தெரு நின்று பார்த்தது; பார்த்ததோடு நில்லாமல் பேசவும் செய்தது. பின்னர் அந்த முனையில் பாட்டும் கவிதையும் நடந்தன. புலிட்சர் பரிசை 1950-இல் பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ், அந்தச் சுவருக்கு முன்னால் நின்று தம் கவிதையை வாசித்தார். சுவரில் அவர் உருவமும் இருந்தது. ஒரு கவிஞர் அரண்மனையிலோ சர்வகலாசாலையிலோ அல்லாமல், தெருமுனையில் தம் சொந்த மக்கள் நடுவே மரியாதை பெற்றார் என்பதை நினைக்கும்போது, எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

இதையெல்லாம் வெறும் படம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. சோறு முதலில், மரியாதை பிறகு என்பது அவர்கள் வாதம். மரியாதை என்பது சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வெற்றிலை பாக்கு என்று நினைக்கிறவர்கள், அநேகமாக இரண்டும் தவறாமல் கிடைத்து வளர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பந்தியில் தனியே உட்கார வைக்கப்பட்டவனைக் கேட்டால் வேறு பதில் சொல்லுவான். பள்ளிப் புத்தகத்திலும் சினிமாவிலும் விளம்பரத்திலும் தன் நிறத்தில் ஒரு பெரியவரைக் காணாமல் வளர்கிற குழந்தை, தன் தெருவில், தன் வீட்டுக்குப் போகிற வழியில், இரண்டு மாடி உயரத்துக்கு அப்படி ஒருவரைக் காண்பது சிறிய விஷயமல்ல. அந்தக் குழந்தைக்கு மறுக்கப்பட்டிருந்த ஒன்று கொடுக்கப்பட்டது. அதற்கு நியாயம் என்ற சொல்லைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அந்தச் சுவரில் மார்ட்டின் லூதர் கிங் இல்லை. முந்தைய ஆண்டுதான் அதே நகரத்தில் கல்லடி பட்டவர். ஆனாலும் வேண்டுமென்றே விடப்பட்டார். அவருடைய வழி போதாது என்று அன்றைய இளைஞர் பலர் நினைத்த காலம் அது. போகட்டும், எந்தப் பட்டியலிலும் விடுபட்டவர்கள் உண்டு. யாரை மதிப்பது என்று முடிவு செய்கிற உரிமை அந்த மக்களுடையது. அதன்பின் நடந்ததுதான் மனத்தை உறுத்துகிறது. அரசியல் தலைவர்களின் உருவங்கள் இருந்த பகுதியை எழுதியவர் நார்மன் பாரிஷ் என்ற ஓவியர். எழுதி முடித்துச் சில வாரங்களுக்கெல்லாம் அந்தப் பகுதிக்கு வெள்ளையடிக்கப்பட்டது. அதன்மேல் யூஜீன் ஈடா என்ற வேறோர் ஓவியர் புதிதாக எழுதினார். பாரிஷின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. தெருவின் விருப்பம் அதுதான் என்று ஒரு கட்சி சொன்னது. சங்கத்துக்குள் மனக்கசப்பு மூண்டது. சேர்ந்து எழுதிய குழு கலைந்தது.

வெள்ளையடிப்பது என்ற செயலை யோசித்துப் பாருங்கள். தங்கள் முகங்களுக்கு இந்த நாடு நூற்றாண்டுக் கணக்கில் வெள்ளையடித்து வந்திருக்கிறது என்பதுதான் அந்த ஓவியர்களின் குற்றச்சாட்டு. அதற்கு மறுமொழியாகத்தான் அந்தச் சுவரையே எழுதினார்கள். அப்படிப்பட்டவர்கள் நடுவில், கூட இருந்த ஒருவனுடைய வேலைக்கு, அவனைக் கேட்காமல் வெள்ளையடிக்க முடிந்தது. புதிய சித்திரம் பழையதைவிட நன்றாகக்கூட இருந்திருக்கலாம். தெரு மெய்யாகவே அதை விரும்பியிருக்கலாம். இருந்தாலும் பாரிஷின் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, உன் பகுதி சரியாக அமையவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

'மக்கள் விரும்புகிறார்கள்' என்ற வாக்கியம் அபாயகரமானது. அது பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. அபாயமே அதில்தான் இருக்கிறது. பொய்யாக இருந்தால் மறுத்துவிடலாம். மெய்யாக இருக்கும்போது, மக்களில் ஒருவன் விரும்பவில்லை என்பதைச் சொல்ல அதில் இடமே இல்லாமல் போகிறது. கையெழுத்து வேண்டாம் என்ற தியாகத்தை நான் மேலே புகழ்ந்தேன். அதற்கு இப்படி ஒரு மறுபக்கமும் உண்டு. பெயர் போடாத வேலையை அழிப்பது எளிது. அது இன்னாருடையது என்று சுவர் சொல்லாது. கூட்டம் பெயரை விட்டுக்கொடுக்கச் சொன்னால், விட்டுக்கொடுத்தவனைக் காப்பாற்றும் பொறுப்பும் கூட்டத்தைச் சேர்ந்துவிடுகிறது. நியாயத்துக்காகப் பலர் கூடிவிடலாம். கூடியவர்கள் தங்களில் தனித்து நிற்கிற ஒருவனுக்கு நியாயம் செய்வது வேறு காரியம்; முன்னதைவிடக் கடினமான காரியம்.

அந்தச் சுவர் நெடுநாள் நிற்கவில்லை. கட்டடத்தை இடிக்க நகரத்தார் திட்டமிட்டபோது வட்டாரத்து மக்கள் எதிர்த்தார்கள். 1971-இல் கட்டடத்தில் தீப்பிடித்தது. அதன்பின் அதை இடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். வாக்கரும் வேறு சிலரும் 1968-இல் டெட்ராய்ட் நகரில் இன்னொரு சுவர் எழுதினார்கள். பிற நகரங்களிலும் எழுதினார்கள். சுவர் போனபின்பும் சித்திரம் ஊர் ஊராகப் பிழைத்துக்கொண்டது. பழமொழி அங்கே கொஞ்சம் தோற்றுத்தான் போயிற்று.

இரண்டாவது கதைக்கு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போக வேண்டும். நியாயத்துக்காக எழுதிய சுவரில் நியாயம் தவறிப் போகலாம் என்பதைச் சிகாகோவில் பார்த்தோம். அதை எப்படிப் பழகுவது என்பதற்கு ஒரு வழி இங்கே தென்படுகிறது.

ஜூடித் பாக்கா மெக்சிகோ வம்சத்தில் வந்த ஓவியர். 1970-இல் அந்நகரின் பூங்கா ஒன்றிலே, கைகளை விரித்துக்கொண்டு அணைக்க வருகிற ஒரு பாட்டியின் உருவத்தை எழுதினார். அதற்கு அவர் சேர்த்துக்கொண்ட ஆட்கள், ஒன்றுக்கொன்று பகையான நான்கு தெருக் கும்பல்களைச் சேர்ந்த இருபது இளைஞர்கள். ஒரு கும்பலைச் சேர்ந்தவன் மற்றதன் எல்லைக்குள் தனியே கால் வைத்தால் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. அவர்களுக்குப் பொதுவானது என்று ஏதேனும் இருக்குமா என்று தேடினால், பாட்டிதான் அகப்பட்டிருப்பாள் போலும்! எந்தச் சண்டைக்காரனுக்கும் வீட்டில் ஒரு பாட்டி உண்டு.

1976-இல் அவர் தொடங்கிய காரியம் இதைவிடப் பெரியது. நகரின் ஆறுகளை வெள்ளத் தடுப்புக்காகக் காங்கிரீட் கால்வாய்களாக்கி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றான டுஹுங்கா கால்வாயின் பக்கச் சுவரில் கலிபோர்னியாவின் சரித்திரத்தை எழுதுவதென்று முடிவாயிற்று. முதற்கோடையில் எண்பது இளைஞர்கள் வந்தார்கள். பலர் போலீசிலும் கோர்ட்டிலும் அகப்பட்டு, அங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள். பத்து ஓவியர்கள் வழிகாட்டினார்கள். சரித்திரம் சொல்ல ஐந்து பேர் இருந்தார்கள். இளைஞர்களுக்குச் சம்பளம் உண்டு. முதல் ஆண்டில் ஆயிரம் அடி. பிறகு 1983 வரையில் விட்டு விட்டு வந்த கோடைகளில் வேலை தொடர்ந்தது. நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள் கை வைத்து, 2,754 அடி நீளம் எழுதினார்கள். பதின்மூன்று அடி உயரம்; ஏறத்தாழ அரை மைல். நடந்து பார்த்தால் கால் வலிக்கும் சித்திரம்.

அதில் எழுதியவை பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போகிற விஷயங்கள். பொருளாதார நெருக்கடி வந்த 1930-களில், அமெரிக்கக் குடிகளாகவே இருந்த மெக்சிகோ வம்சத்தாரையும் சேர்த்து ரெயிலேற்றி அனுப்பியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானிய வம்சத்துக் குடும்பங்களை முள்வேலி முகாம்களில் அடைத்தது. ஏழைகள் குடியிருந்த பள்ளத்தாக்கைக் காலி செய்து பேஸ்பால் மைதானம் கட்டியது. பெருஞ்சாலைகள் வந்து குடும்பங்களை இருபுறமாகப் பிரித்தது. இவையெல்லாம் அந்தச் சுவரில் இருக்கின்றன. 2017-இல் அமெரிக்க அரசு அதைத் தேசியச் சரித்திரச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. குற்றச்சாட்டு எழுதிய சுவரைக் குற்றம் சாட்டப்பட்டவரே பாதுகாப்பது விசித்திரந்தான். ஆனாலும் நல்ல விசித்திரம்.

நான் இதில் வியப்பது சித்திரத்தின் நீளத்தை அல்ல, வேலை நடந்த விதத்தை. இன்ன இனத்துப் பையன் அவன் இனத்தின் துன்பத்தை மட்டும் எழுதினால் போதும் என்று அங்கே பாத்தி கட்டி விடவில்லை. ஒரே சுவரில் எல்லோருடைய கதையும் ஓடியது. பிறருடைய துன்பத்துக்கும் இவன் வர்ணம் குழைக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் துன்பம் இன்னதென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் துன்பத்தைப் பற்றிப் பேச நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் பேசுவோம். அடுத்தவன் துன்பத்தின் விவரம் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பொறுமையும் இராது. பெரிய சுவரில் எழுதுகிறபோது சிறிய படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவது வழக்கம். என் கட்டத்தில் கோடு கோணினால் உன் கட்டத்தில் இருக்கிற மனிதனுக்குத் தோள் ஒடிந்துபோகும். இப்படி ஒரு கோடைக்காலம் முழுவதும் கட்டாந்தரையில் வெயிலில் நின்று, பக்கத்தில் நிற்கிறவனுடைய கோட்டுக்குத் தன் கோட்டைச் சரிசெய்துகொண்டே வந்தால், நியாயம் என்பது அவனுக்கு மேடைப் பேச்சாக இராது. கைப்பழக்கமாகியிருக்கும்.

அதற்காகச் சித்திரம் எல்லாக் கடனையும் அடைத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் முதற்கேள்வி, சித்திரத்தால் நியாயம் பிறக்குமா என்ற கேள்வி, தன் முழு வலுவோடு வந்து நிற்கிறது.

பிலடெல்பியா நகரத்தில் 1984-இல் மேயர் வில்சன் கூட் ஒரு திட்டம் தொடங்கினார். சுவர்களில் கிறுக்கித் திரிந்த இளைஞர்களைத் தண்டிப்பதற்குப் பதில், சித்திரம் எழுதப் பழக்குவது. ஜேன் கோல்டன் என்ற ஓவியர் அதை வளர்த்தார். இன்று அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான சுவர்ச் சித்திரங்கள் இருக்கின்றன. நல்ல திட்டம்; சந்தேகமில்லை. அதே மேயரின் ஆட்சியில், அடுத்த ஆண்டு, 1985 மே 13 அன்று, ஒரு கறுப்பினக் குழுவினர் தங்கியிருந்த வீட்டின்மேல் போலீசார் ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டார்கள். பற்றிய தீயை உடனே அணைக்கவில்லை. ஐந்து குழந்தைகள் உட்படப் பதினொரு பேர் மாண்டார்கள்; அறுபத்தொரு வீடுகள் எரிந்தன. மேயரும் கறுப்பினத்தவரே. ஒரு கையில் தூரிகையைக் கொடுத்த நகரம் மற்றொரு கையால் தெருவைக் கொளுத்திற்று. சித்திரம் அதைத் தடுக்கவில்லை. தடுக்கும் சக்தி அதற்கு இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல், நகரத்துக்குள் கூவக் கரையிலும் பிற இடங்களிலும் இருந்த குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. 2020-இல் அதன் அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியர்கள் வந்து பெரிய பெரிய சித்திரங்களை எழுதினார்கள். அழகான சித்திரங்கள். கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே போனார்கள். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது ஒரு தலைநிமிர்வுதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் பழைய இடங்களுக்கே போய்வர வேண்டியிருக்கிற பெண்ணுக்கு, வர்ணம் பூசியதால் பஸ் தூரம் ஓர் அடியும் குறையவில்லை. நீ எங்கே குடியிருக்க விரும்புகிறாய் என்று அவளை யாரும் முதலில் கேட்கவில்லை. கேட்க வேண்டிய பெரிய கேள்வியைக் கேட்காமல், சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் கேட்பது பாதி மரியாதை. பாதி மரியாதையும் மரியாதைதான்; ஆனால் மீதிப் பாதியை அது மறக்கடித்துவிடக் கூடாது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு சுவரைப் பார்க்கலாம். சரியாகச் சொன்னால் இரண்டு சுவர்கள். அதே பிலடெல்பியாவில் 2004-இல் எழுதியவை. அப்போது இயங்கிவந்த கிரேட்டர்ஃபோர்டு சிறைச்சாலையில் இருந்த கைதிகளையும், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்து ஒரு சித்திரம் எழுதவைக்க முயன்றார்கள். கைதிகளில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம், கொலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் போன்றவர்கள். கைதிகள் சுவருக்கு வர முடியாது. ஆகையால் துணியில் எழுதி வெளியே கொண்டுவந்து சுவரில் ஒட்டுவது என்று ஏற்பாடு.

பேச உட்கார்ந்தார்கள். ஒத்துவரவில்லை. தான் திருந்தியதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவனுக்கு ஆசை. இழந்ததைச் சொல்ல வேண்டும் என்று இன்னொருவருக்கு வேதனை. செய்தவனுடைய மனமாற்றமும், இழந்தவளுடைய துக்கமும் ஒரே சுவரில் எந்த அளவில், எது பெரிதாக, எது நடுவில்? முடிவில் ஒரு சித்திரம் இரண்டு சித்திரமாயிற்று. கைதிகளின் பயணம் ஒரு சுவரிலும், பாதிக்கப்பட்டவர்களின் பயணம் இன்னொரு சுவரிலுமாக எழுதினார்கள்.

இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே சுவரில் இரண்டு தரப்பும் கைகோத்துச் சிரிப்பது போல எழுதியிருந்தால் பார்க்க நன்றாக இருந்திருக்கும். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அந்தத் தாயின் துக்கத்துக்கு அது வெள்ளையடிப்பாக இருந்திருக்கும். அங்கே கூடியவர்கள் 'எல்லோரும் விரும்புகிறார்கள்' என்று சொல்லி ஒருவர் வாயை அடைக்கவில்லை. ஒத்துவராததை ஒத்துவரவில்லை என்று சுவரிலேயே காட்டினார்கள். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் சிகாகோவில் பாரிஷுக்குக் கிடைக்காதது இங்கே இரண்டு தரப்புக்கும் கிடைத்தது. சுவர் ஒன்று அதிகமாயிற்று, அவ்வளவுதான். சுண்ணாம்பும் செங்கல்லும் மனிதருடைய மனத்தைவிட மலிவு.

பலர் கூடிவிட்டார்கள் என்பதனால் மட்டும் ஒரு காரியம் நியாயமாகிவிடாது. கூடியவர்களில் ஒருவர் 'எனக்குச் சம்மதமில்லை' என்று சொன்னால் அதற்கு என்ன மரியாதை என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். என் தனியறைக் கட்சியை நான் விட்டுவிடவில்லை. ஆனால் தனியாக எழுதுகிறவனுக்கு வாய்க்காத ஒரு பாடம் இந்தச் சுவர்களில் இருக்கிறது. நான் என் கதையில் ஒருவனைக் கொன்றுவிட்டால் அவன் வந்து என்னைக் கேட்கப் போவதில்லை. சுவரில் எழுதுகிறவனையோ, எழுதப்பட்டவனின் தாய் வந்து கேட்பாள். பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறவன் கேட்பான். தெருவில் போகிறவன் கேட்பான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். அது சித்திரத்தைக் கெடுக்கவும் கூடும், எழுதுகிறவனைக் கெடுக்காது.

நாளைக்கே உங்கள் தெருவுக்கும் யாராவது வர்ண டப்பாக்களோடு வரலாம். வந்தால் சந்தோஷமாக வரவேற்று, உட்காரவைத்து, காப்பி கொடுங்கள். பிறகு இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவுக்குத் தண்ணீரும் சாக்கடையும் வேண்டும் என்று நாம் கொடுத்த மனு, சுவர் அழகானபிறகும் உயிரோடு இருக்குமா என்பது ஒன்று. தெருக்கோடியில், யாரோடும் ஒத்துப்போகாமல், எல்லாவற்றுக்கும் மறுத்துப் பேசிக்கொண்டு ஒரு கிழவர் இருப்பாரே, அவரையும் கூப்பிடுவார்களா என்பது இன்னொன்று. அவருக்கு வேலை தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதன்பின் முதற்கோட்டைப் போடட்டும்.